எலும்பு ஆட்டத்துக்கு ஓர் உரிமம்

பழங்குடியினர் நடத்தும் பென்ட்பைன் காசினோவில் ஒவ்வொரு சீட்டு மேசைக்கும் மேலே ஒரு கேமரா உண்டு. கேமராவில் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் உண்டு. அந்த ஆள் ஒழுங்காகப் பார்க்கிறாரா என்று பார்க்க அவர் தலைக்கு மேலே இன்னொரு கேமரா உண்டு. சமையலறையில் சூப் கொதிக்கும் அண்டாவுக்கும் ஒன்று இருந்தது. ரோசெல்லா நிக்கலஸ் அதில் உப்புப் போடுவதை இத்தனை காலமும் யாரோ பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். உப்பு கூடிவிட்டது என்று ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆகவே பழங்குடியின் சூதாட்ட ஒழுங்காற்று ஆணையத்திடம் ஒரு சின்ன அனுமதி கேட்கவேண்டி வந்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

விஷயம் இதுதான். அவள் தம்பி வெர்னன் போய் ஓராண்டு நிறையப்போகிறது. காசினோவை ஒட்டிய பந்தய மைதானத்தில் குதிரை பழக்கியவன். அவனைப் புதைத்த அன்று, சாப்பிட உட்கார்ந்திருந்த ஊர் முன்னால் ரோசெல்லா எழுந்து நின்று, "அடுத்த வருஷம், அவன் குதிரைகளை நடத்திக் காட்டின வட்டத்துலயே எலும்பு ஆட்டம் வைப்போம்" என்று சொல்லிவிட்டாள். புதைத்த அன்று சொன்ன சொல்லை மாற்ற அந்தப் பழங்குடியில் வழி கிடையாது. அதுவரை வெர்னனின் மனைவி ஆர்டித் பாடக் கூடாது, விழாக்களுக்குப் போகக் கூடாது. ஆட்டத்தன்று முதல் ஊகத்தை அவள் சொன்னால்தான் துக்கம் கழியும். தவறினால் இன்னொரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆர்டித் ஊரிலேயே நல்ல குரல்காரி. ஒரு வருஷமாகப் பாத்திரம் கழுவும்போதுகூட அவளிடமிருந்து சத்தம் வரவில்லை.

ஆட்டம் எளிது. இரண்டு வரிசை எதிரெதிரே உட்காரும். இரண்டு சின்ன எலும்புகள். ஒன்றில் கறுப்புப் பட்டை, மற்றது வெறும் வெள்ளை. ஒருவர் இரண்டையும் இரண்டு கைக்குள் மறைத்துக்கொண்டு பாட்டுக்கு ஏற்றபடி கைகளை வீசுவார். வெள்ளை எந்தக் கையில் என்று எதிர்வரிசை விரல் காட்ட வேண்டும். சரியாகக் காட்டினால் எலும்புகள் அவர்கள் பக்கம் பறக்கும். காசினோ வருவதற்கு முன்பே, சொல்லப்போனால் மாநிலம் வருவதற்கும் முன்பே, அவர்கள் ஆடிவந்தது.

ஆணையத்தின் தலைவர் டெல்பர்ட் லூயி. ரோசெல்லாவின் சித்தி மகன். இளவயதில் அவள் வரிசையில் உட்கார்ந்து எலும்பு மறைத்தவன். இப்போது கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"விண்ணப்பதாரர் பேரு?" என்றான்.

"டேய் டெல்பர்ட்."

"விண்ணப்பதாரர் பேரைச் சொல்லணும். ஒலிப்பதிவு ஓடுது, அக்கா." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "இப்ப நான் உன்னை அக்கான்னு சொல்லிட்டேன். உறவுக்காரங்க விஷயத்துல உறுப்பினர் கலந்துக்கக் கூடாது. நான் வெளிய போகணும்."

அவன் எழுந்து வெளியே போனான். இரண்டாவது உறுப்பினர் ரோசெல்லாவின் தாய்மாமன் மகன். அவரும் போனார். மூன்றாவது உறுப்பினர் ஆர்டித்தின் பெரியப்பா. தடியை ஊன்றிக்கொண்டு அவரும் போனார். கதவு மூடிக்கொண்டது. ஆணையம் முழுவதும் நடைபாதையில் நின்றது. விதிப்படி விசாரணை அறைக்குள்தான் நடக்க வேண்டும் என்பதால் டெல்பர்ட் கதவிடுக்கு வழியாகக் கேள்வி கேட்டான். ரோசெல்லா காலி நாற்காலிகளைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"இந்த ஆணையத்துல யாரும் யாரையும் நம்புறதில்லை" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அதனாலதான் மக்கள் எங்களை நம்புறாங்க. உங்களையும் நாங்க நம்பலை. அதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது. அதுதான் நாங்க உங்களுக்குக் கொடுக்கிற மரியாதை."

அறைக்குள் ஒருவர் மட்டும் மிச்சமிருந்தார். மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த ஆலோசகர், திருவாளர் கெம்பர். லாஸ் வேகாஸிலிருந்து ஆணையம் வரவழைத்தவர்.

"நான் இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகுது" என்றார் கெம்பர் பெருமையாக. "இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரோடயும் பழகலை. யார் வீட்டுலயும் ஒரு காபி குடிச்சதில்லை. அதுதான் என் தகுதி. இனி உங்க விஷயம் என் பொறுப்பு."

காலி நாற்காலிகளோடு பேசியதே மேல் என்று ரோசெல்லாவுக்குத் தோன்றியது.

"எலும்பைக் கைக்குள்ள மறைக்கிறீங்க" என்று தொடங்கினார்.

"ஆமா."

"எதுக்கு?"

"எதிராளிக்குத் தெரியக் கூடாதுன்னு."

"மறைக்கிறதை ஒத்துக்கிறீங்க. நல்லது. பாடுறீங்க. அது எதுக்கு?"

"அவங்க கவனம் கலையட்டும்னு."

"சதின்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல போட்டுக்கிறேன். விரலால ஜாடையும் காட்டுவீங்களாமே?"

"ஜாடை காட்டாம எப்படிங்க ஊகம் சொல்றது? அதுதானே ஆட்டம்."

கெம்பர் தட்டச்சை நிறுத்திவிட்டு அவளைப் பரிவோடு பார்த்தார். "அம்மா, எங்க விதிப்புத்தகத்துல காசினோ வளாகத்துக்குள்ள செய்யக் கூடாதுன்னு என்னென்ன இருக்கோ, எல்லாத்தையும் சேர்த்து நீங்க ஒரு விளையாட்டு பண்ணி வெச்சிருக்கீங்க."

ஆனாலும் ஆணையம் பண்பாட்டை மதிப்பது. தடை போடவில்லை. விதிகளுக்குப் பொருந்தும்படி ஆட்டத்தைக் கொஞ்சம் திருத்தினால் போதும் என்றார்கள்.

முதலில் எலும்புகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவை வெர்னனே மான் காலெலும்பில் செதுக்கியவை. முத்திரை போட்ட பையில் திரும்பி வந்தபோது கூடவே அறிக்கையும் வந்தது. கெம்பர் அதை ரோசெல்லாவுக்கும் ஆர்டித்துக்கும் கம்மிய குரலில் வாசித்துக் காட்டினார்.

"ரெண்டு எலும்பும் ஒண்ணுபோல இல்லை. ஒண்ணுல கறுப்புப் பட்டை இருக்கு, இன்னொண்ணுல இல்லை. யாரோ கைவெச்சிருக்காங்க."

"என் வீட்டுக்காரர்தான் வெச்சார்" என்றாள் ஆர்டித்.

"செத்துப்போனவர் மேலயே பழி போடுறீங்க." கெம்பருக்கு வருத்தமாக இருந்தது. "ரெண்டையும் ஒரே மாதிரி ஆக்கிடுங்கன்னு பரிந்துரை."

"ரெண்டும் ஒண்ணா இருந்தா எதைங்க கண்டுபிடிக்கிறது?" என்று ரோசெல்லா கேட்டாள்.

"எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். யாரும் தோக்கவும் மாட்டாங்க. இதைவிட நேர்மையான ஆட்டம் உலகத்துல உண்டா?"

இந்தப் பட்டை விவகாரம் கூட்டாட்சி அரசின் சூதாட்ட அலுவலகம் வரை போனது. அங்கிருந்து ஹோலிஸ் ட்ரென்ட் என்ற அம்மையார் காரில் வந்து இறங்கினார். பழங்குடிகள் தங்கள் சடங்குக்காக ஆடும் பழைய ஆட்டங்களில் அவருடைய அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. அவரும் அதைத்தான் சொன்னார்.

"எங்களுக்கு இதுல துளிகூட அதிகாரம் கிடையாது. அதை உறுதிப்படுத்தத்தான் வந்திருக்கேன். நல்லா உறுதியாகற வரைக்கும் இங்கேயே இருப்பேன்."

"அதிகாரம் இல்லேன்னா வீட்டுக்குப் போகலாமேம்மா" என்றாள் ரோசெல்லா.

"அதிகாரம் இருக்கிற இடத்தை யார் வேணும்னாலும் பார்த்துக்கலாம். இல்லாத இடத்தைத்தான் நாங்க ரொம்பக் கவனமாப் பார்த்துக்கணும்."

அவர் காசினோ விடுதியில் அறை எடுத்துத் தங்கினார். கறுப்புப் பட்டை ஆட்டப் பொருளா, அலங்காரமா என்று சில நாள் யோசித்தார். கடைசியில் அலங்காரம் என்று முடிவு செய்தார். அலங்காரத்தில் தனக்கு அதிகாரம் இல்லை என்று அதற்கும் ஒரு கடிதம் கொடுத்தார். பட்டை பிழைத்தது.

அடுத்து மாநிலப் பந்தய வாரியம். குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டம் அவர்கள் கண்காணிப்பில் இருந்தது. வட்டத்துக்குள் கால் வைப்பவை எல்லாம் போட்டியில் கலந்துகொள்பவை, அவற்றுக்கு ஊக்கமருந்துச் சோதனை கட்டாயம் என்று வாரியத்தின் கால்நடை மருத்துவர் க்ரப் சொன்னார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு சோதனை முறை.

ரோசெல்லாவை எடை போட்டார்கள். மேலுதட்டைத் தூக்கி, பந்தயக் குதிரைகளுக்கு இருப்பதுபோல் உள்ளே பச்சை குத்திய அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பல்லைப் பார்த்து வயதை மதிப்பிட்டு, அவள் சொன்ன வயதோடு ஒத்துப்போகவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு வைக்கோல் பரப்பிய கொட்டடிக்குள் அனுப்பினார்கள். மருத்துவர் வெளியே நின்றுகொண்டு மெல்ல விசில் அடிக்கத் தொடங்கினார்.

"எதுக்குங்க விசில்?" என்று ரோசெல்லா உள்ளேயிருந்து கேட்டாள்.

"விசில் கேட்டாதான் சிறுநீர் வரும். குதிரைகளுக்கு அப்படிப் பழக்கியிருக்கோம்."

"நான் குதிரை இல்லையே."

"அது எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. ஆனா தாள்ல வேற கட்டம் இல்லையே."

பக்கத்துக் கொட்டடியிலிருந்து ஆர்டித்தின் குரல் வந்தது. "அக்கா, தேறலேன்னா உன்னை மேய்ச்சலுக்கு விட்டுருவாங்க. நல்லா யோசிச்சுப் போ."

ஒரு வருஷத்தில் அவள் செய்த முதல் கேலி அது. ரோசெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் காரியமும் நடந்தது. விசிலால் நடந்ததாக மருத்துவர் பதிவு செய்துகொண்டார்.

இருவரும் தேறினார்கள். நொண்டல் இல்லை, ஓடத் தகுதி உண்டு என்று வாரியம் சான்று தந்தது.

ஆடுவதற்குத்தான் தகுதி இல்லை. அதற்கு ஆணையத்தின் உரிமம் வேண்டும். சமையலறைக்காக ரோசெல்லா வைத்திருந்த உரிமம் கரண்டியோடு சரி. ஆட்ட உரிமத்துக்கு, பத்து வருஷமாகப் பழக்கமுள்ள, உறவில்லாத ஒருவர் நற்சான்று கொடுக்க வேண்டும். ரோசெல்லா யோசித்துப் பார்த்தாள். அந்த மண்ணில் அவளுக்கு உறவில்லாத மனிதர் கெம்பர் மட்டும்தான்.

"எனக்கு ஒன்பது வருஷம்தானே ஆச்சு" என்றார் கெம்பர். "அடுத்த வருஷம் வாங்க. ஆனா அதுக்குள்ள என்னோட பழகியிருக்கணும். பழகினா என் வேலை போயிடும்."

ரோசெல்லா கடைசியாக ஒருமுறை டெல்பர்ட்டின் வீட்டுக்கே போனாள். அவன் முற்றத்தில் சால்மன் மீனைப் புகையில் வாட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் வாசற்படியிலேயே நிறுத்தினான்.

"இங்க எதுவும் பேசாதே. நீ வந்ததையே நான் ஆணையத்துக்கு அறிவிக்கணும்."

"வெர்னன் உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவன்டா."

"அதையும் அறிவிச்சிருக்கேன்."

"ஆர்டித் இன்னொரு வருஷம் ஊமையா இருக்கணுமா? சரி, ஆட்டத்தை ரத்தாவது பண்ணு. ஊர்ல போய், ஆணையம் தடுத்துடுச்சுன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

டெல்பர்ட் மீனைத் திருப்பிப் போட்டான். "ரத்து பண்ண முடியாது. அறிவிப்பு ஒட்டியாச்சு. ஒட்டின ஆட்டத்தை நடத்தாம விட்டா பொதுமக்களை ஏமாத்தினதாகும். சனிக்கிழமை ஆட்டம் கண்டிப்பா நடக்கும். உரிமம் இருக்கிறவங்க ஆடுவாங்க."

"யாருக்குடா உரிமம் இருக்கு?"

அவன் புகை கண்ணில் பட்டதாகக் காட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ரோசெல்லா அதைப் பார்த்தாள். அவன் கண்ணீரையும் அவள் நம்பவில்லை.

சனிக்கிழமை மதியம் ஊரே மைதானத்துக்கு வந்தது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து எதிர்வரிசைக்காரர்களும் போர்வைகளும் கைமேளங்களுமாக வந்தார்கள். எல்லோரையும் வேலிக்கு வெளியே நிறுத்தினார்கள். வெளியே சரளைக்கல் கொட்டிய பாதை. மழைக்குப் பள்ளம் விழுந்தால் யார் மூடுவது என்று மூன்று அலுவலகங்களும் பலமுறை கடிதம் எழுதி, தங்களுக்குச் சொந்தமில்லை என்று எழுத்தில் நிரூபித்த இடம் அது.

வேலிக்கு உள்ளே, வட்டத்தின் நடுவே, இரண்டு பெஞ்சுகள் எதிரெதிரே போடப்பட்டிருந்தன. ஒன்றில் டெல்பர்ட்டும் இரண்டு உறுப்பினர்களும். எதிரே கெம்பர், மருத்துவர் க்ரப், ஹோலிஸ் ட்ரென்ட். பழங்குடி நிலப்பரப்பில் சனிக்கிழமையன்று செல்லுபடியாகும் உரிமம் வைத்திருந்தவர்கள் அவர்கள் ஆறு பேர்தான். ஒவ்வொரு அலுவலகமும் ஒரு கேமரா கொண்டுவந்திருந்தது. மூன்றும் மற்ற இரண்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன.

கெம்பர் எழுந்து உரையாற்றினார்.

"வரலாற்றுலயே முதல் தடவையா இந்த ஆட்டம் முழுப் பாதுகாப்போட நடக்குது. இதுல சம்பந்தப்பட்ட யாரும் இதுல கலந்துக்கலை. அதனால முறைகேட்டுக்கு வழியே இல்லை. காலமான திரு. வெர்னன் உயிரோட இருந்திருந்தா ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார். அவருக்கும் அனுமதி கிடைச்சிருக்காது."

பிறகு ஆட்டம் தொடங்கியது. எந்தக் கையில் வெள்ளை எலும்பு என்பதை மறைப்பவர் முன்கூட்டியே ஓர் அதிகாரியின் காதில் சொல்லிவிட வேண்டும் என்பது கெம்பர் செய்த திருத்தம். அந்த அதிகாரியும் கெம்பரே. டெல்பர்ட் எழுந்து போய் அவர் காதில் சொன்னான். திரும்பி வந்து, கைக்குட்டைக்கு அடியில் எலும்புகளை மாற்றி மாற்றி எடுத்து, இரண்டு முஷ்டிகளையும் மார்புக்கு நேரே வீசத் தொடங்கினான். பாட்டுக்கு அனுமதி நிலுவையில் இருந்தது. சத்தமில்லாமல் வீசினான்.

எதிர்வரிசை ஊகம் சொல்ல வேண்டும்.

கெம்பருக்கு விடை தெரியும். "நான் சொன்னா முறைகேடு" என்றார்.

"பந்தய ஊழியர் எதுலயும் ஊகம் சொல்லக் கூடாதுன்னு தடை இருக்கு" என்றார் மருத்துவர்.

"எனக்கு அதிகாரம் இல்லை" என்றார் ஹோலிஸ் ட்ரென்ட்.

டெல்பர்ட் வீசிக்கொண்டே இருந்தான். ஊகம் வராமல் நிறுத்த விதி இல்லை. கழுத்துப்பட்டை அவன் தோளுக்குப் பின்னால் போய்விட்டது. நெற்றி வேர்த்தது. இரண்டு உறுப்பினர்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் மலைப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

ரோசெல்லா ஆர்டித்தின் கையைப் பிடித்தாள். பிடித்தபடியே அவளை வேலி வரைக்கும் அழைத்து வந்தாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை.

ஆர்டித் டெல்பர்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வலக்கையைத் தூக்கி, சுட்டுவிரலை நீட்டி, அவனுடைய இடப்பக்கம் காட்டினாள்.

நீச்சல் தெரிந்தவன் தண்ணீரில் விழுந்தால் கைகால் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. விரல் நீண்டதும் டெல்பர்ட்டின் கைகள் தாமாகத் திறந்துகொண்டன. இடக்கையில் வெள்ளை எலும்பு இருந்தது. யாரும் மூச்சு விடுவதற்குள் அவன் இரண்டு எலும்புகளையும் வேலிக்கு மேலே வீசினான். சரியாக ஊகித்த பக்கத்துக்கு எலும்பு போக வேண்டும், அதுதான் முறை. ரோசெல்லா இரண்டையும் காற்றிலேயே பிடித்தாள்.

வேலிக்கு வெளியே கூச்சல் எழுந்தது. அக்கரைக்காரர்கள் போர்வைகளைச் சரளைக்கல் மேலேயே விரித்தார்கள்.

கெம்பர் வெளிறிப்போய் எழுந்தார். "உரிமம் இல்லாத ஆள் எப்படிச் சரியா சொல்ல முடியும்? யாரோ உள்ளேயிருந்து சொல்லியிருக்காங்க!"

"ரெண்டு கைதானே சார்" என்றான் டெல்பர்ட் மூச்சிரைக்க. "கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாலும் பாதி தடவை சரியா வரும்."

"பாதி தடவையா? இந்த நாட்டுல எந்தக் காசினோ மெஷின் பாதி தடவை ஜெயிக்க விடுது? எங்க கணக்குப்படி அது பயங்கரமான ஓட்டை!"

ஹோலிஸ் ட்ரென்ட் மெதுவாகத் திரும்பினார். "விடை ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் தலைவர். இன்னொருத்தர் நீங்க, திரு. கெம்பர்."

மூன்று கேமராக்களும் கெம்பர் பக்கம் திரும்பின. ஒன்பது வருஷமாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப்படுவது இதுதான் முதல் தடவை.

"தலைவரை இடைநீக்கம் பண்ணுறேன்" என்று அவசரமாகச் சொன்னார். "இப்பவே. உத்தரவு தயார் பண்ணுங்க. எலும்பு திரும்பி வர்ற வரைக்கும் ஆட்டம் முடிஞ்சதா ஆகாது. அதுவரைக்கும் வேற யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது."

உத்தரவு தயாரானது. ஆணையத்தின் எந்த உத்தரவானாலும் தலைவர் கையெழுத்து வேண்டும். டெல்பர்ட்டிடமே கொடுத்தார்கள். அவன் ஒருமுறை நிதானமாகப் படித்தான்.

"இதுல கையெழுத்துப் போட்டா நான் தலைவர் இல்லை?"

"இல்லை."

"உறுப்பினரும் இல்லை?"

"எதுவுமே இல்லை."

கையெழுத்துப் போட்டான். தேதியும் போட்டான். கழுத்துப்பட்டையைக் கழற்றி பெஞ்சில் வைத்தான். பிறகு வேலியில் காலை வைத்து ஏறினான். அந்த வயதுக்கு அது அழகான காட்சியாக இல்லை. கால்சட்டை ஓரிடத்தில் கிழிந்தது. இந்தப் பக்கம் குதித்து, எதிர்வரிசையில் ஓர் ஆள் குறைகிறதென்று பார்த்து, அக்கரைக்காரர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தான்.

"எதிரிங்க பக்கமாடா போய் உக்கார்ற?" என்றாள் ரோசெல்லா.

"உன் வரிசை ஜெயிக்கட்டும்னு பார்த்தேன். இவங்க இனிமே என்னை நம்பி எலும்பைக் கொடுப்பாங்களான்னுதான் தெரியலை."

அக்கரைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே அவனைத் தோளில் அடித்தார். "கொடுக்கிறோம்யா. சொந்த ஆபீசையே ஏமாத்தின ஆளு. எங்களுக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும்."

ஆர்டித் போர்வையில் உட்கார்ந்தாள். முதல் பாட்டை அவள்தான் எடுத்தாள். குரல் கரகரத்தது, நடுவில் ஒருமுறை உடைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. மேளங்கள் சேர்ந்தன. லாயத்துப் பக்கம் குதிரைகள் தலையைத் தூக்கின. வேலிக்கு உள்ளே ஐந்து பேர் முஷ்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டறிக்கையில் அந்த நாளைப் பற்றி ஒரே வரிதான் வந்தது. வட்டத்துக்குள் எந்த முறைகேடும் நடக்கவில்லை, எந்த ஆட்டமும் நடக்கவில்லை.

சில சுற்றுகள் போனபின் எலும்புகள் எதிர்வரிசைக்குப் போயின. அவர்கள் அவற்றை டெல்பர்ட்டின் கையில் கொடுத்தார்கள். அவன் கைக்குட்டைக்கு அடியில் மாற்றி எடுத்து, பாட்டின் வேகத்துக்கு முஷ்டிகளை வீசினான். ஊகம் சொல்ல வேண்டியவள் ரோசெல்லா. அவள் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாதமாகப் பார்த்துவந்த முகம், அதில் எந்நாளும் ஒன்றும் இருந்ததில்லை. இப்போது ஏதோ ஒளித்து வைத்திருக்கிறான்.

அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. எந்தக் கையில் என்பதுதான் தெரியவில்லை.